இடக்கைச் சோறு

ஏறாவூரில் நான் பார்த்த மூத்தம்மாவுக்கு அப்போது வயது 78. பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ரிக்கற் வெட்டி வீட்டுக்குக் கொண்டு வந்த மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே மகள் சொன்னா, "என்னத்தக் குடுத்தாலும் உம்மா வாயத் திறக்கிறா இல்ல. நீங்க கொஞ்சம் பாருங்க."

நான் தாதி அல்ல. பராமரிப்பாளர் பயிற்சி எடுத்து, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறவள். அவர் இல்லாமல் போன பிறகு பிள்ளைகளை வளர்த்தது இந்தத் தொழில்தான். பயிற்சியில் சொல்லித் தந்தபடி மூத்தம்மாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்தினேன். படுத்தபடி கொடுத்தால் சாப்பாடு சுவாசக் குழாய்க்குள் போய்விடும். பிறகு இயங்கும் கையைப் பழக்க வேண்டும் என்பதற்காகக் கோப்பையை இடது பக்கம் வைத்து, இடது கையில் கரண்டியைக் கொடுத்தேன். அவ கரண்டியை நழுவ விட்டா. திரும்பக் கொடுத்தேன். திரும்பவும் விட்டா. அன்றைக்கு என் கொப்பியில் "பசி இல்லை" என்று எழுதினேன். அடுத்த நாளும் அதையே எழுதினேன்.

எங்கள் அம்மாச்சி, சின்ன வயதில் நாங்கள் இடது கையைச் சோற்றுக் கோப்பைக்குக் கொண்டு போனால் அகப்பைக் காம்பால் அடிப்பா. அது எனக்குத் தெரியாத விசயமா? ஆனால் நோயாளி என்று கட்டிலில் கிடத்திவிட்டால் எங்கள் கண்ணுக்கு வருத்தம் மட்டும்தான் தெரிகிறது. மூன்றாம் நாள் அவவே குழறிக் குழறிச் சொன்னா:

"அது கழுவுற கை, மகள்."

எனக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. இரண்டு நாள் அந்த மனுசி பசியோடு கிடந்திருக்கிறா, நான் பசி இல்லை என்று எழுதிக் கொண்டிருந்திருக்கிறேன். "என்ர கையால தந்தாத் திம்பீங்களா?" என்று கேட்டேன். என் நெற்றியில் திருநீறு இருந்தது. அவ அதைத்தான் பார்த்தா என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கையக் கழுவிட்டு வா" என்றா. குழைத்த சோறும் பருப்பும் ஐந்தாறு வாய் இறங்கியது.

பிறகு அந்த வீட்டில் நான் நிறையக் கேட்டுப் பழகினேன். தண்ணீரால் வுழூச் செய்ய முடியாத நோயாளிக்குச் சுத்தமான மண்ணில் கை வைத்து முகத்தையும் கைகளையும் தடவும் தயம்மும் என்ற சலுகை இருக்கிறது. எழும்ப முடியாதவர் இருந்தோ படுத்தோ தொழலாம். மகள் ஒரு தட்டில் மண் கொண்டு வந்து வைப்பா. நான் கட்டிலைக் கிப்லாப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டேன். குளிக்க வார்க்கும்போது முழுச் சேலையையும் உருவாமல், மேலே ஒரு துணியால் மூடிக்கொண்டு, கழுவுகிற இடத்தை மட்டும் திறந்து கழுவுவேன். தலைத் துணி கடைசியாகக் கழற்றுவது, முதலாவதாகப் போடுவது. மருமகன் வாசலில் செருமினால் நான் முதலில் தேடுவது அந்தத் துணியைத்தான். இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கும்போது அவ உடம்பை இறுக்கிக் கொள்வதில்லை. இறுக்கிக் கொண்டு கிடப்பவரைத் திருப்புவது சரியான கஷ்டம். படுக்கைப் புண் வருவதும் அங்கேதான்.

நோன்பு மாதம் வந்தபோது ஒரு பெரிய பிரச்சினை. அவவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுவது. ஏழு வயதில் இருந்து விட்ட நோன்பு இல்லை, இந்த வருசமும் விடமாட்டேன் என்று பிடிவாதம். ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. நான் சொன்னால், "நீ அறிய மாட்டாய்" என்பா. உண்மைதானே. நான் எந்த உரிமையில் அவவுக்கு நோன்பைப் பற்றிச் சொல்வது? டொக்டரிடம் கேட்டு, மகளோடு பேசி, பள்ளி மௌலவியை வீட்டுக்குக் கூப்பிட்டோம். மாறாத நோய் உள்ளவர் நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவு கொடுக்கலாம், அதற்குப் பித்யா என்று பெயர் என்று அவர் விளக்கினார். இயலாத போது இடது கையால் சாப்பிடுவதிலும் குற்றம் இல்லை என்றார். நோன்பை விட்டா, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குச் சாப்பாடு போனது. இடது கை விசயத்தில் மட்டும் முழுதாக இணங்கவில்லை. பிஸ்கற், வாழைப்பழம் சாப்பிடுவா. சோறு கடைசிவரை என் கையால் அல்லது மகளின் கையால்தான்.

மருந்துக் குளிகைகளின் மேற்கூடு மாட்டினதோ பன்றியினதோ தோல், எலும்பில் இருந்து எடுக்கும் ஜெலற்றினாலும் செய்யப்படுகிறது. இதை அறிந்தால் முஸ்லிம் வயோதிபரும் மரக்கறி மட்டும் சாப்பிடும் சைவ வயோதிபரும் இரகசியமாகத் துப்பிவிடுவார்கள். தலையணைக்குக் கீழே நானே கண்டெடுத்திருக்கிறேன். ஏசாமல், இதற்குப் பதில் மாத்திரையோ பாணியோ இருக்கிறதா என்று டொக்டரிடம் கேளுங்கள். நீங்களாகக் கூட்டை உடைத்துக் கொட்டிக் கொடுக்க வேண்டாம். சிலவகை மருந்து மெதுவாகக் கரைவதற்கென்றே செய்யப்பட்டது.

இனி நான் சொல்லத் தயங்கிய கதை. முதல் நாள், "ஊர் எது மகள்?" என்று அவ கேட்டபோது மட்டக்களப்பு ரவுண் என்று பொய் சொன்னேன். என் ஊர் அவவின் ஊருக்குப் பக்கத்தில்தான். 1990 ஆகஸ்ட் 11ஆந் திகதி இரவு ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்ரெம்பர் 5ஆந் திகதி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழரில் 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். அதே செப்ரெம்பரில் சைக்கிளில் போன என் அண்ணன் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது 15 வயது. அதற்குப் பிறகு பல வருசம் நான் அந்த ஊர்க் கடைகளில் சாமான் வாங்கியதில்லை. வேலைக்குக் கூப்பிட்டபோதும் காசு தேவைப்பட்டதால்தான் போனேன். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

ஒரு இரவு அவவின் காலைப் பிடித்துவிட்டுக் கொண்டிருந்தபோது, என்னவோ தெரியாது, உண்மையான ஊரைச் சொல்லிவிட்டேன். அவ கண்ணை மூடிக்கொண்டா. அடுத்த மூன்று நாளும் நான் தொட விட்டா, ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே கிடந்தா. என்னை நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்து உடுப்பைக்கூட மடித்து வைத்தேன். நாலாம் நாள் தலை இழுத்துவிடும்போது கேட்டா:

"உன்ர காக்காக்கு எத்தின வயசு?"

"பதினேழு, மூத்தம்மா."

"என்ர மகனுக்குப் பத்தொம்பது."

அவ்வளவுதான். அதைப் பற்றி நாங்கள் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

அவ மௌத்தான அன்று வெள்ளிக்கிழமை. மூச்சு மாறுவதைக் கண்டதும் மகளைக் கூப்பிட்டேன். அவ காதுக்குப் பக்கத்தில் கலிமாச் சொன்னா. கண்ணை மூடி, நாடியைக் கட்டுவது வரைதான் என் கை. குளிப்பாட்டுவது அவர்களுடைய பெண்கள். பத்து மாதம் நான் கழுவிய உடம்பு என்று மனம் அடித்தாலும் விலகி நின்று கிணற்றில் தண்ணி அள்ளிக் கொடுத்தேன். பொழுது படுமுன் ஜனாஸா அடக்கியாயிற்று. பெண்கள் மையவாடிக்குப் போகவில்லை. நானும் அவர்களோடு வீட்டில் இருந்தேன்.

அடுத்துப் போனது ரவுணில் ஒரு பறங்கி அன்ரி வீடு. மறதி நோய். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் வயோதிபர் பேசுகிற போர்த்துக்கீசப் பாஷை ஒன்று உண்டு. அன்ரி தமிழும் இங்கிலிசும் நன்றாகப் பேசியவவாம். மறதி கூடக் கூட இரண்டும் கழன்று, சின்ன வயதுப் பாஷை மட்டும் மிஞ்சியிருந்தது. இந்த நோயில் பிந்திப் படித்த மொழி முந்திப் போவது பலருக்கு நடக்கிறது. அவ என்னவோ கேட்பா, எனக்கு விளங்காது, அவ அழுவா. ஒருநாள், "துவாய் எங்க?" என்று நான் எனக்குள்ளே சொன்னதற்கு அவ திரும்பிப் பார்த்துத் துவாயைக் காட்டினா. அப்போதுதான் யோசித்தேன். துவாய், மேசை, கதிரை, அலுமாரி, ஜன்னல், குசினி, பாண், சப்பாத்து எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப் போன சொற்கள்தானே. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு, கையால் காட்டிக் காட்டி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருசத்துக்கு மேல் குடும்பம் நடத்தினோம்! பின்னேரத்தில் செபமாலையைக் கையில் கொடுத்தால் அமைதியாகிவிடுவா.

2004 சுனாமியில் டச்பாரில் அவவின் தங்கச்சி போய்விட்டா. அன்ரி அதை மறந்து ஒவ்வொரு நாளும் தங்கச்சியைத் தேடுவா. முதலில் நான் உண்மையைச் சொன்னேன். அன்றைக்குத்தான் செத்த செய்தி கேட்டது மாதிரித் தலையில் அடித்து அழுதா. அடுத்த நாள் அதையும் மறந்து திரும்பத் தேடினா. ஒரு மனுசியை எத்தனை தரம் செத்த வீட்டில் இருத்துவது? பிறகு, அவ தேடும்போது தங்கச்சியின் படத்தைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் இருப்பேன். அவ படத்தோடு கதைப்பா. நான் "ம்" போடுவேன். அண்ணனைத் தேடித் தேடி எங்கள் அம்மா வாசலில் இருந்த காலத்தில் எனக்கு இந்தப் பொறுமை இருக்கவில்லை.

வருகிற திங்கள் ஒரு சிங்கள அம்மாவிடம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு இருக்கிறாவாம். மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடாமல் சில் எடுக்கும் போயா நாட்களில் மருந்தை எப்படிக் கொடுப்பது என்று கிளினிக்கில் கேட்க வேண்டும். பாஷையில் எனக்குத் தெரிந்தது "வதுர" தண்ணி, "ரிதெனவாத" நோகுதா. இந்த இரண்டையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.