ஒரு மைல் இருமல்

நீலாய் பாசாரில் பன்றி இறைச்சி விற்கும் சீன அக்காவுக்கு என் முகத்தைப் பார்த்ததும் கை தானாக வெட்டுக்கத்திக்குப் போய்விடும். "காரி?" என்று ஒரே கேள்வி. பதில் வருவதற்குள் வெட்டு விழ ஆரம்பித்திருக்கும். தமிழர் வந்தால் துண்டு சின்னதாக இருக்க வேண்டும், கொழுப்பும் தோலும் கலந்திருக்க வேண்டும் என்பது அவர் வியாபாரத்தில் கண்ட உண்மை. தோள்பட்டைக் கறியில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரே துண்டாகக் கொடுங்கள் என்றபோது கத்தி அந்தரத்தில் நின்றது. வெட்ட வேண்டாமா என்று மலாயில் இரண்டு தடவை கேட்டார். அவர் என்மேல் வைத்திருந்த மரியாதை அன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது தொன்தெக்கி. ஜப்பானியர்களின் பன்றி ஸ்டேக். கனத்த துண்டில் ஒரு ஓரத்திலிருந்து கீறிக்கொண்டே வந்து மறு ஓரத்தை விட்டுவிட வேண்டும். சட்டியில் போட்டதும் விரல் விரிந்த கையுறை மாதிரி பரந்து கிடக்கும். கீறாவிட்டால் நரம்பு சுருங்கிக் கறி குடைபோல மேலெழும்பும், நடுவில் சூடு படாது. முதலில் முழுப் பூண்டுப் பற்களைப் பன்றிக் கொழுப்பில் சிவக்க வைத்து எடுத்துவிட்டு, மாவு தூவிய கறியை அதே கொழுப்பில் இறக்க வேண்டும். பிறகு கறுத்த சாஸ். பக்கத்தில் நூல்நூலாக அரிந்த பச்சைக் கோபிஸ். இவ்வளவுதான். மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்காமல் இறைச்சி சமைப்பது இருக்கிறதே, அதுதான் இதில் கஷ்டமான வேலை.

சாஸில்தான் நமக்கு ஓர் ஆறுதல். கிச்சாப், சீனியோடு அதில் சேருவது ஊஸ்டர் சாஸ். இங்கிலாந்தில் 1837 முதல் லீ அண்ட் பெரின்ஸ் விற்றுவரும் அந்தக் கறுப்புத் தண்ணீரில் ஊறிக் கிடப்பவை புளியும் நெத்திலியும் பூண்டும். வெள்ளைக்காரன் நம் புளியைப் போத்தலில் அடைத்தான். ஜப்பான்காரன் அதற்குப் பழமும் காய்கறியும் சேர்த்து இனிப்பாக்கிக்கொண்டான். சுற்றி வளைத்துப் புளிக்குழம்பு என் குவாலிக்கே வந்து சேர்ந்துவிட்டது.

இந்தப் பதார்த்தத்தின் சொந்த ஊர் மியே மாநிலத்தின் யொக்கைச்சி. போருக்குப் பின் அங்கே ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் பிறந்தது என்கிறார்கள். உடம்பு நோக உழைத்துவிட்டு வரும் ஆலைத் தொழிலாளிக்கு ஏற்ற சாப்பாடு. ஆனால் யொக்கைச்சி என்றால் ஜப்பானில் கறிக்கு முன் ஞாபகம் வருவது இருமல். 1960 வாக்கில் கடலோரத்தில் பெட்ரோலிய ரசாயன ஆலைகள் வந்தன, அவற்றின் கந்தகப் புகையில் ஊரே மூச்சிரைத்தது. யொக்கைச்சி ஆஸ்துமா என்று நோய்க்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டு 1972இல் ஆறு கம்பெனிகளுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார்கள். பூண்டு வாசம் மூக்கில் ஏற ஏற இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த எனக்கு, சித்தப்பா சொன்ன இன்னோர் இருமல் நினைவுக்கு வந்தது.

சித்தப்பா தீவன லாரி ஓட்டியவர். பத்தாங் பெனாரில் தோட்ட லயத்தில் பிறந்து, பால் வெட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து லைசென்ஸ் எடுத்தார். 1998 கடைசியில் அவருக்கு ஓட்டம் முழுக்க போர்ட்டிக்சன் பக்கம், புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளுக்கு. "எஞ்சினை நிறுத்தறதுக்கு முன்னாலயே கேக்கும்டா. நாய் கொலைக்கிற மாதிரி. பன்னி இருமுதுன்னு யாரு நம்புவா?" என்பார். ஒரு மைல் தள்ளியும் கேட்கும் என்பதால் அதற்கு ஒரு மைல் இருமல் என்றே பேராகிவிட்டது.

அதற்குச் சில மாதங்கள் முன்பே, செப்டம்பர் வாக்கில், ஈப்போ பக்கம் பண்ணைக்காரர்கள் மூளைக் காய்ச்சலில் விழ ஆரம்பித்திருந்தார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அது கொசுவால் பரவுவது. ஆகவே கொசுவோடு போர் தொடங்கியது. புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். சித்தப்பாவும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார். இதற்கிடையே பேராக்கிலிருந்து பன்றிகள் லாரி லாரியாக நெகிரி செம்பிலானுக்கு இறங்கின. நோயும் அதே லாரியில் வந்தது.

கண்ணெதிரே இருந்த கணக்கு எதுவும் இடிக்கவில்லையா என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே படுத்தவர்கள் திடகாத்திரமான ஆண்கள், அதுவும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களுக்கு ஒன்றுமில்லை. கொசு என்ன, ஆளைப் பார்த்தா கடிக்கும்? ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே நோயில் கிடந்தன. இதைப் பிடிவாதமாகக் கேட்டவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த சுவா கவ் பிங். சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து அவர் பிரித்தெடுத்த வைரஸ் வேறு இனம். மாதிரியோடு அமெரிக்காவுக்குப் பறந்தார். 1999 மார்ச்சில் உண்மை வெளிவந்தது. கேரளத்தில் 2018இல் கோழிக்கோட்டை நடுங்க வைத்த நிபாவுக்குப் பெயர் கொடுத்தது எங்கள் மாநிலத்துச் சிற்றூர்தான். மூலம் பழந்தின்னி வௌவால். பன்றிக் கொட்டில் ஓரம் பழமரம் வைத்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்டதைப் பன்றி தின்றது.

நாட்டில் 265 பேர் நோயில் விழுந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். ராணுவம் வந்து குழி வெட்டிச் சுட்டது. சித்தப்பா அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, அப்போதுதான் திறந்திருந்த சிப்பாங் விமான நிலையத்தில் சரக்கு வண்டி ஓட்டப் போனார். வேக வைத்த கறியால் நோய் வராது என்று சொன்னாலும் அந்த வருஷம் எங்கள் வீட்டில் பன்றி வாங்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பாட்டியின் பன்றிப் பெரட்டல் திரும்பி வந்தபோது முன்னைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக வெந்தது. மஞ்சள் போட்டு அவித்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி அவித்து, மிளகோடு கறுக்கக் கறுக்கப் பெரட்டுவார். பல்லுக்கு நல்ல வேலை. ஆனால் ருசிக்குக் குறைவில்லை, சொல்லிவிடுகிறேன்.

தொன்தெக்கி அந்த வேகலைத் தாங்காது. அமெரிக்க விவசாயத் துறை 2011இல் பன்றி ஸ்டேக்குக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று இறங்கி வந்துவிட்டது; நடுவில் இளஞ்சிவப்பு இருக்கலாமாம். நானும் சூடு பார்க்கும் ஊசியைக் குத்தி, 63 தாண்டியதும் இறக்கி, சாஸ் பளபளக்கச் சித்தப்பா முன்னால் வைத்தேன். அவர் ஆகக் கனமான விரலை வெட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தட்டைத் தள்ளினார்.

"இன்னும் வேகணும்லா."

63 டிகிரி, மூன்று நிமிடம் என்று ஆரம்பித்தேன். அரசாங்கமே சொல்லியிருக்கிறது என்று வேறு சேர்த்துக்கொண்டேன். அவர் வாக்குவாதம் ஒன்றும் செய்யவில்லை. சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றி, ஜப்பானியக் காய்ச்சலுக்கு ஊசி போட்ட இடத்தைக் காட்டினார்.