நிரையும் நிரலும்

குறைந்த வளத்தைக் கொண்டு நிறைந்த பயனைப் பெறுதல் பொறியியலின் இயல்பாகும். ஆயினும், ஒவ்வொரு சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலை யாதென அறிந்து செலுத்துவதே அறிவுடைமை. பதினாறு பொத்தான்கள் கொண்ட ஒரு சிறு பலகையும், அதனை வாசிக்கும் நுண்கட்டுப்படுத்தியும் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுகின்றன.

ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு முனையை ஒதுக்கின் பதினாறு முனைகள் வேண்டும். பொத்தான்களை நான்கு நிரைகளாகவும் நான்கு நிரல்களாகவும் அடுக்கி, அவை சந்திக்குமிடந்தோறும் ஓர் ஆளியை அமைப்பின் எட்டே போதும். நிரல்கள் தடையிகளால் உயர்நிலையில் நிறுத்தப்பட்டிருக்கும். நுண்கட்டுப்படுத்தி நிரைகளை ஒவ்வொன்றாகத் தாழ்நிலைக்குக் கொணர்ந்து, எந்த நிரல் உடன் தாழ்ந்தது என நோக்கும். நிரையும் நிரலும் தெரிந்தபின் பொத்தான் தெரியாதிருத்தல் இல்லை. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் நிறுவனம் அறிமுகஞ்செய்த பொத்தான் தொலைபேசியிலும் இம்முறையே ஒலிவடிவிற் பயின்றது. அதில் ஐந்தாம் எண்ணை அழுத்துவோர் 770, 1336 ஹேட்சு என்னும் இரு மீடிறன்களை ஒருங்கே எழுப்புவர். முன்னது நிரையைச் சுட்டும், பின்னது நிரலைச் சுட்டும்.

இச்சிக்கனத்தின் முதல் விலை காலம். நிரைகள் ஒரே கணத்தில் வாசிக்கப்படுவதில்லை. எனினும், நான்கையும் சுற்றிவர ஒரு மில்லிசெக்கனும் வேண்டியதில்லை. மனித விரலோ அதனினும் மிக நெடிது தங்குவது. ஆதலின் இவ்விலை அற்பமே.

இரண்டாவது விலை அத்தகையதன்று. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள பொத்தான்கள் ஒருங்கே அழுத்தப்படின், மின்னோட்டம் அம்மூன்றினூடாகவும் சுற்றிச்சென்று நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். எவரும் தொடாத பொத்தானுக்குக் கருவி பொய்ச்சான்று பகர்கின்றது! ஒவ்வோர் ஆளியுடனும் ஓர் இருவாயியைத் தொடுப்பின் ஓட்டம் ஒருதிசைப்பட்டு அப்பொய் ஒழியும்.

எட்டு முனைகளும் கிடையாத இடங்கள் உள. அற்றினி85 என்னும் சில்லின் மொத்த முனைகளே எட்டு. அவற்றுள் இரண்டு மின்வழங்கலுக்கு உரியன. அங்கே தடையிகளைத் தொடராகக் கோத்து, ஒவ்வொரு பொத்தானும் வெவ்வேறு வோல்ற்றளவைத் தருமாறு செய்து, ஒரே முனையால் அதனை அளப்பர். ஆனால், இரு பொத்தான்கள் சேர்ந்து அழுத்தப்படின் அவற்றைப் பிரித்தறிதல் அரிது.

எனவே, எம்முறை சிறந்தது என்னும் வினாவுக்கு முனைகளின் தொகை மாத்திரம் விடையாகாது. கணிப்பானை ஒரு விரலே அழுத்தும். அதற்குத் தடையித்தொடரும் தகும். இசைக்கருவியிலோ பல சுரங்கள் சேர்ந்தொலித்தல் இயல்பு. அங்கு இருவாயிகளை விலக்குதல் சிக்கனமாகாது. வாசிப்போன் எழுப்பாத சுரத்தை அவன்மேற் சுமத்துதலாகும். முனைகளை எண்ணுமுன் விரல்களை எண்ணுதல் வேண்டும்.