சிகாகோ நிலவறையில் ஒரு ஸ்பிரிங் பெட்டி

சிகாகோவின் வடக்கே, ஒரு வீட்டு நிலவறையில் அந்தப் பட்டறை இருக்கிறது. நடத்துபவர் எழுபதைத் தாண்டியவர். தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்துத் தொழில் பழகியவர். இப்போது அவரிடம் வருவதெல்லாம் வால்வு ஆம்ப்கள். நான் போனபோது மேசைமேல் இருந்தது, பெல் அண்டு ஹோவெல் கம்பெனியின் 16 மி.மீ. புரொஜெக்டரிலிருந்து கழற்றி, கிட்டாருக்காக மாற்றிய ஆம்ப். அதில் ரிவெர்ப், அதாவது ஒலிக்குப் பின்னால் எதிரொலி நீளும் வசதி, சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

இந்த வேலையைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. புரொஜெக்டர் கம்பெனி சிகாகோவுடையது. ஆர்கனுக்குள் ஸ்பிரிங் ரிவெர்பைக் கொண்டுவந்த லாரன்ஸ் ஹாம்மண்டின் கம்பெனியும் இந்த ஊர்தான். நெடுந்தூரத் தொலைபேசியில் குரல் தாமதமாவதை ஆராய பெல் ஆய்வகம் கையாண்ட ஸ்பிரிங்கை ஹாம்மண்ட் இசைக்கு எடுத்துக்கொண்டார். ஃபெண்டர் 1961இல் தனி ரிவெர்ப் பெட்டியும், 1963இல் ரிவெர்ப் உள்ளேயே அமைந்த வைப்ரோவெர்ப் ஆம்பும் வெளியிட்டது.

பெரியவர் மின் இணைப்பைப் பிடுங்கி, கண்டன்சர்களில் தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே உள்ளே கை வைத்தார். அடுத்து கணக்கு. ரிவெர்புக்கு இரண்டு வால்வு கூடுதலாக வேண்டும். ஒவ்வொன்றின் இழையும் 6.3 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் இழுக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா? படத்தின் ஒலித்தடத்தில் ஒளி பாய்ச்சும் விளக்குக்கென்றே அந்த ஆம்பில் 6வி6 ஆஸிலேட்டர் வால்வு ஒன்று இருந்தது. கிட்டாருக்கு அது வேண்டாம். அதை எடுத்ததில் 450 மில்லி ஆம்பியர் மிச்சம், பொருத்த ஒரு துளையும் மிச்சம். மீதிக்கு டிரான்ஸ்ஃபார்மரில் இடமிருப்பதை அளந்து உறுதிசெய்துகொண்டார்.

கிட்டார் ஒலியில் ஒரு பங்கு நேரே போகிறது. மறு பங்கு 500 பைக்கோஃபாரட் கண்டன்சரில் அடித்தொனி கழிந்து 12ஏடி7 வால்வுக்கு வருகிறது. அதன் இரு பாதிகளும் சேர்ந்து, குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பிரிங் பெட்டியின் சுருளை இயக்குகின்றன. ஸ்பிரிங் முனையில் உள்ள காந்தம் அசைய, அந்த முறுக்கம் மறுமுனையை எட்டச் சில பத்து மில்லி விநாடிகள் ஆகும். பிறகு முன்னும் பின்னும் ஓடித் தேயும். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகளின் தாமதம் வெவ்வேறாக இருப்பதால் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. மறுமுனையில் கிடைப்பது சில மில்லி வோல்ட்டுதான். 12ஏஎக்ஸ்7 வால்வின் ஒரு பாதி அதைப் பெருக்கிக் கொடுக்கிறது.

தொழிலாளியின் தரம் தெரிவது இந்தச் சில மில்லி வோல்ட்டில்தான். மின் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அந்தச் சுருளில் பட்டால் இசைக்கு மேல் இரைச்சல் ஏறிவிடும். பெரியவர் பெட்டியைத் திருகி முடுக்கவில்லை. ஆம்பை ஓடவிட்டு, பெட்டியைக் கையில் பிடித்து, திருப்பித் திருப்பிக் கேட்டார். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் இரைச்சல் கூடுவதை நானும் கேட்டேன். அடங்கிய கோணம் கிடைத்ததும் பென்சிலால் கோடு கிழித்தார். இந்தப் பொறுமையை எந்த வரைபடமும் கற்றுத்தராது.

டிஜிட்டல் பெடல் ஒன்று போதுமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தந்தியை அழுத்தி அடிக்கும்போது ஸ்பிரிங் சொட்டும் அந்த ஓசை, உண்மையான கம்பி அதிர்வதால் வருவது.

ஓடுகிற புரொஜெக்டரை அவர் பிரிப்பதில்லை; கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புகிறார். நீங்களும் பிரிக்காதீர்கள். அதில் போட்டுப் பார்க்க வேண்டிய படச்சுருள்கள் இன்னும் இருக்கின்றன. சரிசெய்யவே முடியாதவற்றை மட்டும் ஆம்ப் ஆக்குங்கள்.