செக்குபந்திக்கு வெளியே

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்துப் பழைய கிரயப் பத்திரத்தில் படித்து ரசிக்க வேண்டியது கடைசிப் பக்கத்தைத்தான். விலையும் சாட்சியும் எந்த ஊர்ப் பத்திரத்திலும் உண்டு. சொத்து விவரத்தில்தான் ஊர் தெரியும். இன்னார் பூமிக்குக் கிழக்கு, இன்னார் வகையறா தோட்டத்துக்குத் தெற்கு, இட்டேரிக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு என்று செக்குபந்தி போட்டு, இதன் மத்தியில் இத்தனை ஏக்கர் இத்தனை சென்ட் என்பார்கள். அதோடு விட மாட்டார்கள். கிணற்றில் நாலில் ஒரு பங்கு, தென்னை மரங்கள், வண்டித்தடத்தில் ஆளும் ஏரும் கால்நடையும் போய்வரும் மாமூல் பாத்தியம் எல்லாம் வரிசையாக ஏறும். எல்லைக்காரர்களில் பாதிப் பேர் பத்திரம் எழுதும்போதே காலமாகியிருப்பார்கள். எழுத்தர் முந்தைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே இறக்கியிருப்பார். செத்தவர் பூமிக்கு வடக்கே உயிரோடிருப்பவர் குடியிருப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

இந்தப் பக்கத்தை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப, சிங்கப்பூரில் பன்னிரண்டாம் மாடியில் உட்கார்ந்து கோபிக்காரர் ஒருவர் பெரிதாக்கிப் பார்க்கிறார். அவர் இருக்கும் வீட்டுக்கு பிளாக் எண், மாடி எண், கதவு எண் போதும். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எந்தப் பத்திரமும் கேட்பதில்லை. அங்கே அரசு கட்டிய அடுக்கு வீடு, வீட்டுக்காரர்களுக்கு 99 வருடக் குத்தகையில்தான் வருகிறது. கொங்கு நாட்டுக்காரருக்கு அது வீடு வாங்கியதாகவே படாது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்த மாதிரிதான் படும்.

அதையும் எடுத்த எடுப்பில் வாங்கிவிட முடியாது. நிரந்தரவாசியாகி மூன்று வருடம் போனால்தான், அதுவும் குடும்பமாக, மறுவிற்பனைக்கு வரும் அரசு வீட்டைக் கேட்கலாம். தனியார் அடுக்ககம் வாங்கலாமே என்றால், வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 2023 ஏப்ரல் 27 முதல் 60 சதவீதம். இருபது லட்சம் வெள்ளி வீட்டுக்குப் பன்னிரண்டு லட்சம் வெள்ளி தீர்வை! இன்னொரு விதி நேராகக் கோபிக்கே வந்து கதவைத் தட்டுகிறது. நிரந்தரவாசி அரசு வீட்டை வாங்கினால், வேறு இடத்தில் உள்ள வீட்டை ஆறு மாதத்துக்குள் கைமாற்ற வேண்டும். கடல் கடந்த வீடும் அந்தக் கணக்கில் சேரும்.

மற்ற நாடுகளும் இளைத்தவை அல்ல. துபாய் 2006-ல் ஒரு சட்டம் போட்டு, வெளிநாட்டவர் முழு உரிமையோடு வாங்கலாம் என்றது. ஆனால் அது குறித்துக் கொடுத்த பகுதிகளில் மட்டும். கனடா 2023-ன் தொடக்கத்தில் கதவைச் சாத்தியது, சில வகையினருக்கு மட்டும் திட்டிவாசல் விட்டு. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரலிலிருந்து இரண்டு வருடத்துக்கு, ஏற்கெனவே கட்டிய வீட்டை வெளிநாட்டவர் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டது.

சரி, ஊரிலாவது வாங்கலாம் என்று திரும்பினால் இங்கேயும் அவர் வெளியாள்தான். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. கோபியைச் சுற்றி வேறு என்ன இருக்கிறது? கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் மட்டும் 24,504 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. சிங்கப்பூரோ வளைகுடா மணல்காடோ, எங்கே உட்கார்ந்தாலும் அவர் ஏங்குவது அந்த வயலுக்குத்தான். சட்டம் அவருக்குக் கொடுப்பதோ அந்த வயலை மூடி, கலர் அடித்த கல் நட்டு, கொடி கட்டி, ஏதோ ஒரு நகர் என்று பெயர் வைத்த சைட். இந்த ஊருக்குச் சின்னக் கோடம்பாக்கம் என்று பேர். அபுதாபியில் டிவி போட்டால் பழைய படத்தில் அதே வரப்பில் கதாநாயகி ஓடிக்கொண்டிருப்பாள். பார்த்துக்கொள்ளலாம், வாங்க முடியாது.

இந்தத் தடைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. பர்மாவை நினைத்தால் போதும். செட்டிநாட்டிலிருந்து போன நகரத்தார் கீழ்ப் பர்மாவில் நெல் விவசாயிக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது பணம், நிலம் அல்ல. 1930-ல் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, நிலம் வந்து சேர்ந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் ஏறக்குறைய 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம், ஏழெட்டு வருடத்தில் 25 சதவீதத்தைத் தொட்டது. வேண்டாத சொத்து அது. உழவும் தெரியாது, விற்கவும் ஆளில்லை. உள்ளூர்க்காரன் கோபம் மட்டும் வட்டி போட்டு ஏறியது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது பெட்டியில் பத்திரத்தை அடுக்கிக்கொண்டு தப்பி வந்தவர்கள் உண்டு. 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் போட்டது. காரைக்குடி மாளிகைகளைப் பார்க்கிறவர்கள் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கிறார்கள். கணக்கில் எழுதிக் கழித்த வயலை யார் நினைக்கிறார்கள்?

கோபிக்காரருக்கு அவ்வளவு பெரிய துயரம் இல்லை. அவருடையது பவர் பத்திரத் துயரம். ஊரில் இருக்கும் பங்களாவை விற்க நேரில் வர முடியாது; இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டுத் தம்பிக்குப் பவர் அனுப்புகிறார். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். அப்புறம் பதிவு நாளன்று, பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்று அண்மைத் தேதியிட்ட சான்று வேண்டும். செக்குபந்தியில் இருக்கும் எல்லைக்காரர்களுக்குக் கேட்காத சான்று!

வரியில்தான் உறவே முறியும். அண்ணன் சிங்கப்பூர், தம்பி கோபி. அப்பா கட்டிய வீடு, ஆளுக்குப் பாதி, ஒரே நாளில் கிரயம். 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைக்கு லாபத்தில் 12.5 சதவீத வரி. பழைய வீடானால் விலைவாசி ஏற்றத்தைக் கழித்து 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டும் வசதி தம்பிக்கு உண்டு, அண்ணனுக்கு இல்லை. வீட்டின் மொத்த விலை ஐம்பது லட்சத்துக்குக் கீழ் என்றால் தம்பி பங்கில் வாங்குகிறவர் வரி எதுவும் பிடிக்க வேண்டாம். அண்ணன் பங்குக்கு அந்த வரம்பே கிடையாது. குறைத்துப் பிடிக்க வருமான வரித்துறையில் முன்கூட்டியே சான்று வாங்காவிட்டால், லாபத்தை விட்டுவிட்டு முழு விலைக்கும் பிடித்துவிடுவதுண்டு. பத்திர எழுத்தர் கடை பெஞ்சில் தம்பி கேட்பார்: “ஒரே ஆத்தா வயித்துல பொறந்தோமுங்க, வரி மட்டும் எப்படிங்க வேற வேற?”

புரோக்கருக்கு இந்தத் தத்துவம் எல்லாம் வேண்டாம். வெளிநாட்டுப் பார்ட்டி என்றால் வேலை இழுக்கும், அவ்வளவுதான் அவர் கணக்கு. அதனால் அண்ணன் பங்கைத் தம்பி பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிவிட்டால் சுலபமுங்க என்று ஒரு யோசனையை மெல்ல நீட்டுவார். அண்ணன் அரை மனதாகத் தலையாட்டுவார். வீடியோ காலில் பின்னால் நிற்கும் அண்ணியிடம் மட்டும் அது செல்லாது.