துவைக்காத புடவை

வளர்த்தவரைப் பிரிந்து வரும் நாயை வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். உண்ணியோ புண்ணோ இருந்தால் மருத்துவர் சொல்கிறபடி செய்யலாம். வெறும் அழுக்குதான் என்றால் ஒரு வாரம் போகட்டும். அதன் உடம்பில் மிச்சமிருக்கும் பழைய வீட்டு வாடைதான் அப்போதைக்கு அதற்கு இருக்கும் ஒரே சொந்தம்.

எனக்கு இதைப் புரியவைத்தவன் மணி. பெரம்பூரில் தனியாக இருந்த ஓர் அம்மா வளர்த்த நாட்டு நாய். அவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு, மெல்பர்னில் இருக்கும் மகன் அவரைத் தன்னோடு அழைத்துக்கொள்ள முடிவு செய்தார். வெறிநோய்க்குப் பயந்து, இந்தியாவிலிருந்து நாயை நேரடியாகக் கொண்டுவர ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் வைத்திருந்துதான் கொண்டுபோக வேண்டும். வயதான நாய்க்கு அது நடக்கிற காரியமா? ஆனால் தெருவில் பேசியது வேறு. அது அவர் காதிலும் விழுந்திருந்தது. “நானா வேணும்னு விடறேன், சொல்லும்மா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

மீட்கப்படும் நாய், பூனைகளுக்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். தெருவில் அடிபட்டு வருபவை பெரும்பாலும் காயம் ஆறியதும் தேறிவிடும். ஆளைப் பிரிந்து வருபவைதான் நெஞ்சை அறுக்கும். மணி கேட்டோரம் படுத்தான். கறிச்சோறு வைத்தேன், தயிர்சாதம் வைத்தேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆட்டோ சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து நிற்பான். அது தாண்டிப் போனதும் மறுபடி படுத்துக்கொள்வான். அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது ஆட்டோவில்தானாம்.

அவருக்குப் போன் செய்தேன். “தட்டுல வச்சா தொட மாட்டாம்மா. மொதல்ல ஒரு வாய் கையில குடு. மணிக்கு ஒரு வாய்னு சொல்லிக் குடு” என்றார். பக்கத்து வீட்டுப் பையனிடம் தான் கட்டி அவிழ்த்த நூல் புடவை ஒன்றையும் துவைக்காமல் கொடுத்தனுப்பினார். தேங்காயெண்ணெயும் மூட்டுவலித் தைலமும் கலந்த வாடை. மணி அதில் மூக்கைப் புதைத்து வெகுநேரம் நின்றான். பிறகு காலால் இழுத்துச் சுருட்டி அதன் மேலேயே படுத்தான். அன்று ராத்திரி என் கையிலிருந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டான்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரிகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, வெவ்வேறு வாடைகளைக் காட்டிப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில், நல்லதை எதிர்பார்க்கும்போது இயங்குகிற மூளைப்பகுதி, பழகிய மனிதரின் வாடைக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக விழித்தது. அந்த மனிதர் அப்போது பக்கத்தில் இல்லை. வாடை மட்டும்தான் இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு மணியின் புடவைதான் நினைவுக்கு வந்தது.

குரல் விஷயம் வேறு. வீடியோ காலில் அந்த அம்மா “மணீ” என்றதும் அவன் வீடு முழுக்க ஓடித் தேடினான், கதவைப் பிராண்டினான். அதன்பிறகு வீடியோ காலுக்குப் பதில் அவன் சாப்பிடுவதையும் தூங்குவதையும் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். பிரிவு அவருக்கும்தானே.

அதனால்தான் விடுகிறவரைத் திட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். திட்டுக்குப் பயந்தவர் ராத்திரியில் யார் வீட்டு வாசலிலோ கட்டிவிட்டுப் போய்விடுவார். நாய் மட்டும் நம்மிடம் வந்து சேரும். எதற்குப் பயப்படும், எந்தச் சொல்லுக்கு அடங்கும், எங்கே தடவினால் கண்ணை மூடும் என்பதெல்லாம் அவரோடே போய்விடும். உட்காரவைத்து ஒரு டம்ளர் காபி கொடுத்துக் கேட்டால் அத்தனையும் சொல்வார். தடுப்பூசி அட்டையோடு அந்தக் குறிப்பையும் எழுதி வைக்கிறேன்.

பூனைக்கு ஆளைவிட இடம்தான் பெரிய இழப்பு என்பது என் அனுபவம். முழு வீட்டையும் திறந்துவிட்டால் பரணிலோ ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலோ போய் ஒடுங்கிக்கொள்ளும். ஒரே அறை, அதில் கவிழ்த்த அட்டைப்பெட்டி, பழைய வீட்டுத் துணி போதும். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் நடந்த ஆய்விலும், ஒளியப் பெட்டி கிடைத்த பூனைகளுக்கு முதல் சில நாட்களில் பதற்றம் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். ஒளியட்டும், இழுக்கக் கூடாது. ஆனால் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். காரப்பொடி மீனை வேகவைத்து வெதுவெதுப்பாக வைத்தால் பெரும்பாலும் வாசனைக்கே தலை நீட்டிவிடும்.

மணியை ஆவடியில் ஓர் ஆசிரியர் தம்பதி எடுத்துக்கொண்டார்கள். புதிய வீட்டில் நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் நாட்களில்தான். வெடிச்சத்தமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் தீபாவளி முடிகிறவரை அனுப்பவில்லை. அவர்களிடம் புடவையைக் கொடுத்தேன், ‘ஒரு வாய்’ சொல்லும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தேன். அவன் அங்கே ஒட்டாமல் என்னிடமே திரும்பிவிட மாட்டானா என்று மனசின் ஒரு மூலை ஏங்கியதையும் மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொன்றை அனுப்பும்போதும் அப்படித்தான்.

பொங்கலுக்கு அந்த வீட்டம்மா பேசினார். தபால்காரரைக் கண்டு குரைக்கிறானாம், சோபாவைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறானாம், தட்டில் வைத்தாலே சாப்பிடுகிறானாம். “புடவையை இனிமே துவைச்சுடலாமாக்கா?” என்று கேட்டார். மெல்பர்னுக்கு அந்தச் செய்தியை அப்போதே அனுப்பினேன்.