அபராதப் பணத்தில் தொடங்கிய நிதி

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் 1876இல் பிறந்தவர் எக்லன்டைன் ஜெப். வீட்டில் ஆறு பிள்ளைகள். சண்டை விளையாட்டென்றால் படை திரட்டுவது இவள்தான். வீட்டுக்குள்ளேயே ஒரு பத்திரிகையும் நடத்தினாள். கிராமத்து மக்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தர 1884இல் சங்கம் தொடங்கியவர் அவள் அம்மா. ஆள் சேர்ப்பதும் வேலையைப் பங்கிடுவதும் அந்த வீட்டில் அன்றாட வழக்கம்.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு ஆசிரியையானார். வகுப்பறை ஒத்துவரவில்லை, சீக்கிரமே விலகினார். பிள்ளைகளைக் கொஞ்சிப் பழகுவது அவருக்குக் கைவந்த கலை அல்ல. பிற்காலத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்டவரின் பலம் வேறிடத்தில் இருந்தது. கேம்பிரிட்ஜில் ஒரு தொண்டுச் சங்கத்தில் சேர்ந்து, அந்நகரின் வறுமை நிலையை விவரமாகத் திரட்டி 1906இல் புத்தகமாக்கினார். இரக்கத்துக்குக் கணக்கும் வேண்டும் என்ற தெளிவு அந்த வேலையில் தெரிகிறது.

முதல் உலகப் போர் 1918இல் ஓய்ந்தும் நேச நாடுகளின் முற்றுகை நீங்கவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள். எதிரி நாட்டுப் பிள்ளைக்குப் பணம் கொடு என்று, போரில் மகனைப் பறிகொடுத்தவர்களிடம் போய்க் கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எக்லன்டைன் கேட்டார். மெலிந்து உருக்குலைந்த ஆஸ்திரியக் குழந்தையின் படம் அச்சிட்ட துண்டறிக்கையை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்தார். தணிக்கை அனுமதி பெறவில்லை என்று கைது செய்தார்கள். ஐந்து பவுண்டு அபராதம். அரசுத் தரப்பில் அவருக்கு எதிராக வாதாடிய வழக்கறிஞரே அந்த ஐந்து பவுண்டைத் தன் கையிலிருந்து கொடுத்தார். எக்லன்டைன் விரைவில் அறிவிக்கவிருந்த நிதிக்கு வந்த முதல் நன்கொடையாக அது சேர்ந்தது.

1919 மே 19, ராயல் ஆல்பர்ட் அரங்கில் பெருங்கூட்டம். தங்கை டாரதியோடு சேர்ந்து அன்று அவர் அறிவித்ததுதான் ‘சேவ் தி சில்ட்ரன்’ நிதி.

அதன்பின் அவர் கையாண்ட வழிகள் அன்றைய தொண்டு நிறுவனங்களுக்குப் புதியவை. செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். வீண்செலவு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. வந்து சேர்ந்த பணம் அதற்குப் பதில் சொன்னது. தான் சார்ந்த சபையோடு நிற்காமல் ரோமுக்கும் போய்ப் போப்பைச் சந்தித்தார். 1919 டிசம்பர் 28 அன்று உலகெங்கும் கத்தோலிக்கத் தேவாலயங்களில் குழந்தைகளுக்காக நிதி திரட்டச் சொன்னார் பதினைந்தாம் பெனடிக்ட்.

1921இல் ரஷ்யப் பஞ்சம். வாரத்துக்கு ஒரு ஷில்லிங் இருந்தால் ஒரு குழந்தைக்கு உணவு என்று கணக்குச் சொன்னார்கள். பஞ்சச் செய்தி மிகைப்படுத்தல் என்று சில பத்திரிகைகள் சாடியபோது, நேரே அங்கே படமெடுத்துவந்து ஊர் ஊராகத் திரையிட்டார்கள். உணவும் மருந்துமாக 600 டன் ஏற்றிய கப்பல் புறப்பட்டது. சரத்தோவ் பகுதியில் தினமும் சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் சாப்பிட்டார்கள்.

1923இல் குழந்தைகளின் உரிமைகளை ஐந்தே அம்சங்களில் எழுதினார். துன்ப காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே என்பது அவற்றில் ஒன்று. மறு ஆண்டு நாடுகளின் சங்கம் (League of Nations) அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.