கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு

மங்கலம்பேட்டையில் தையல் மிஷின் மிதித்தே பிள்ளைகளைக் கரையேற்றியவள் நான். மகளைக் கட்டிக்கொடுத்து, மகனும் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு, பீங்கான் பொம்மை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பல வருஷமாக மனசில் கிடந்த ஆசை தலைதூக்கியது. வீட்டில் சொல்லவில்லை. விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் விருத்தாசலம் பஸ் ஏறினேன். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம் என்று எல்லாமே ஐந்தைந்தாக உள்ள கோயில் அது. எனக்கு இத்தனை பக்தி திடீரென்று எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயிலுக்குப் போகிற பெண்பிள்ளையை எங்கள் பக்கம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

வீட்டுக்காரருக்குப் பயந்து மறைக்கவில்லை. "இதுல என்ன வரும்படி?" என்ற கேள்விக்குத்தான் பயந்தேன். ஐம்பதை நெருங்கும் பெண் எதைத் தொட்டாலும் முதலில் வருவது அதுதான். பதில் தெரியாது, தெரியாததாலேயே ஆசையை மூட்டை கட்டிவிடுவோம். பாட்டு, இந்தி, கார் ஓட்டுவது என்று இப்படி மூட்டை கட்டியவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேர்விட்டது. பியூஸ் கட்டை, இன்சுலேட்டர், அகல்விளக்கு, பொம்மை எல்லாம் செய்கிறார்கள். இதற்கென்றே டிப்ளமோ நடத்தும் அரசு நிறுவனமும் அங்கே உண்டு. பத்தாவதோடு நின்ற நான் போய்ச் சேர்ந்தது ஒரு சின்னப் பட்டறையில். கூலி வேண்டாம், கூடமாட வேலை செய்கிறேன் என்றதும் முதலாளி மறுக்கவில்லை.

களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் தண்ணீரோடு அரைத்து, துளி சோடியம் சிலிகேட் சேர்த்தால் மோர்க்குழம்பு பதத்தில் ஓடும். அதுதான் சிலிப். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் அதை ஊற்றினால், அச்சு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், உள்சுவரில் மண் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். எப்போது கவிழ்ப்பது? எனக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "கடிகாரத்தப் பாக்காதீங்கக்கா, வாயோரத்தப் பாருங்க" என்பாள். ஊற்றும் வாயின் ஓரத்தை லேசாகச் சீவினால் கனம் தெரியும். மழைக்காலத்தில் அச்சு ஈரமாக இருந்தால் கூடுதல் நேரம் பிடிக்கும். ஒரே அச்சில் திரும்பத் திரும்ப ஊற்றினாலும் அப்படித்தான். நோட்டில் குறித்து வைத்தது ஒன்றும் உதவவில்லை.

அச்சின் இரு பாதிகள் சேருகிற இடத்தில் பொம்மை மேல் ஒரு வரி நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். கை கொஞ்சம் அழுத்தினால் கிருஷ்ணருக்கு மூக்கு போய்விடும். இங்கே மட்டும் நான் சீக்கிரம் தேறினேன். வருஷக்கணக்காகப் பிசிறு வெட்டிய கை.

சூளையைத் திறப்பதில்தான் என் பொறுமை செத்தது. 1,200 டிகிரி வாக்கில் சுட்டதை ஆறவிடும்போது, 573 டிகிரியில் குவார்ட்ஸ் உருமாறிச் சுருங்கும். அந்தக் கட்டத்தை வேகமாகக் கடந்தால் கீறல் விழும். எனவே காத்திருப்பதும் வேலையில் சேர்த்தி.

நடுவில் திசை மாறி மண்ணைத் தொட்டது நான் மட்டுமல்ல. புதுச்சேரியில் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை டெபரா ஸ்மித்தோடு சேர்ந்து தொடங்கிய ரே மீக்கர், கட்டடக்கலை படிக்கப் போய் நடுவில் மண்ணுக்குத் தாவியவர். வெள்ளைக்காரருக்கு வசதி இருந்திருக்கும் என்பீர்கள். இருக்கலாம். திசை மாறுவதற்கு வசதியைவிடத் துணிச்சல்தான் அதிகம் வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

என் குட்டு சேலைக் கரையில் வெளிப்பட்டது. அதில் காய்ந்திருந்த வெள்ளை மண்ணைப் பார்த்த வீட்டுக்காரர், "உங்க கோயில்ல விபூதிய கால்லயா பூசறாங்க?" என்றார். சொல்லிவிட்டேன். நான் பயந்த அதே கேள்வியைக் கேட்டார். கார்த்திகைக்கு முன்பாக அகல்விளக்குக்கு வண்ணம் பூசுவதில் பீஸ் கணக்கில் கூலி வரத் தொடங்கியிருந்தது. தையலில் வருவதைவிடக் குறைவு. அதையும் மறைக்காமல் சொன்னேன். "சரி, டார்ச் எடுத்துட்டுப் போ, திரும்பறப்ப இருட்டிடுது" என்றார்.

வரும்படிக் கேள்வி தப்பானது என்று நான் சொல்லமாட்டேன். முதல் நாளே கேட்டால் எந்த வேலையும் அதற்குத் தாங்காது, அவ்வளவுதான். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில்கூட வயதுத் தகுதி 35-இல்தான் தொடங்குகிறது; வயதைக் காரணம் காட்டுகிறவர்கள் கவனிக்கலாம்.

பட்டறைக்குப் போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: காலையிலேயே போய்விடுங்கள். நான் இருந்த இடத்தில் சிலிப் ஊற்றுவது காலையில்தான். மதியத்துக்கு மேல் போனால் காய்கிற பொம்மைகளைத்தான் பார்க்கலாம்.